கடன் சுமையினின்று மீளும் வழி: இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

அங்குத்தர நிகாயத்தில் கடனைப் பற்றிப் பகவான் அருளிய சுத்தம் ஒன்று உண்டு. வறுமை, வறுமையால் வாங்கும் கடன், கடன்மேல் ஏறும் வட்டி, வட்டி கேட்டு வருவோரின் நெருக்குதல், பின்தொடர்ந்து அலைவோரின் தொல்லை, இறுதியில் கட்டுண்டல் என இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, இவை யாவும் இல்லறத்தானுக்குத் துன்பமே என்று பகவான் பிக்குகளுக்கு எடுத்துரைக்கின்றார். பின்னர் அவ்வுவமையை ஒழுக்கத்தின்மேல் ஏற்றிக் கூறுகின்றார். தீயொழுக்கம் கடனுக்கு ஒப்பு. அத்தீயொழுக்கத்தைப் பிறர் அறியாவண்ணம் மறைக்க முயலுதல் வட்டிக்கு ஒப்பு என்பது அவர் காட்டும் பொருத்தம்.

மறைத்தலே வட்டி. இவ்வுவமை ஒழுக்கத்தைக் குறித்துச் சொல்லப்பட்டதாயினும், பணக்கடனுக்கும் எழுத்துக்கு எழுத்து பொருந்துவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கடன்பட்டவன் கடனால் கெடுவதைவிட, அதை மனைவிக்கும் மக்களுக்கும் தன் மனத்துக்குமே மறைப்பதால் கெடுவது மிகுதி. ஆகையால் இப்பாடத்தில், கடன் அட்டையாலும் தவணைக் கடனாலும் சுமையேறிய குடும்பம் அதனினின்று மீளும் வழியைக் கணக்குடன் ஆராய்வோம்.

1. கடன் அட்டையின் இயல்பு

கிரெடிட் கார்டு என்னும் கடன் அட்டை தன்னளவில் தீயதன்று. வாங்கிய பொருளுக்குரிய தொகை முழுவதையும் குறித்த கெடுவுக்குள் செலுத்துவோர்க்கு வட்டி இல்லை. ஆனால் முழுத்தொகையைச் செலுத்தாமல் சிறிதளவு நிறுத்தி வைத்தாலும் வட்டியில்லாச் சலுகை நீங்கிவிடும். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். அதன்பின் புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அவ்வட்டி எவ்வளவு? பெரும்பாலான அட்டைகளில் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்க்குமேல். மூன்றே முக்கால் ரூபாய் வரை கேட்கும் அட்டைகளும் உண்டு. ஆண்டுக்கு இது 40 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் சேரும். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்குமேல் வாங்கலாகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்புரைத்தது. ஆயின் 2024 டிசம்பர் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. எனவே அவ்வரம்பை நம்பியிருத்தல் கூடாது.

அட்டைக் கணக்கில் மிகுந்த கவனத்துடன் நோக்கற்பாலது ‘குறைந்தபட்சத் தொகை’ என்பது. பொதுவாக இது நிலுவையில் நூற்றுக்கு ஐந்தை ஒட்டியிருக்கும். அதைச் செலுத்தினால் தாமதக் கட்டணம் இல்லை, தொலைபேசி அழைப்பு இல்லை, நற்பெயரும் கெடாது. ஆகவே கடனைச் செலுத்திக்கொண்டு வருகின்றோம் என்னும் எண்ணம் பிறக்கின்றது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் கணக்கு காட்டும்.

நிலுவை 1,00,000 ரூபாய் எனவும், வட்டி மாதத்துக்கு மூன்றரை விழுக்காடு எனவும் கொள்வோம். வட்டி 3,500 ரூபாய். அதன்மேல் வரி 630 ரூபாய். ஆக 4,130 ரூபாய். குறைந்தபட்சத் தொகையாக 5,000 ரூபாய் செலுத்தினால், கடன் குறைவது 870 ரூபாய் மட்டுமே. அடுத்த மாதம் நிலுவை சற்றுக் குறைவதால் குறைந்தபட்சத் தொகையும் சற்றுக் குறையும். இவ்வாறே, புதிதாக ஒன்றும் வாங்காமல், ஓராண்டு செலுத்தினால் கையைவிட்டுப் போனது ஏறக்குறைய 57,200 ரூபாய். எஞ்சிய கடனோ ஏறக்குறைய 90,000 ரூபாய். கடன் பாதியாவதற்கே ஆறரை ஆண்டுக்குமேல் செல்லும்.

இனி மற்றொரு முறையைக் காண்க. அதே மனிதர், முதல் மாதம் செலுத்திய 5,000 ரூபாயையே, பாங்கி எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் குறைக்காமல், மாதந்தோறும் செலுத்துகின்றார் எனக் கொள்வோம். கடன் 44 மாதத்தில் அறவே தீர்ந்துவிடும். குறைந்தபட்சத் தொகை மட்டும் செலுத்தியவருக்கோ அந்த 44-ஆம் மாதத்தில் இன்னும் 68,000 ரூபாய் கடன் நிற்கும். தொடங்கிய தொகை ஒன்றே, முடிவு வேறு. மாதம் 8,000 ரூபாய் செலுத்த இயலுமாயின் 18 மாதத்தில் தீரும்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவந்தால் கடன் நெடுங்காலம் நீளும், வட்டியும் பெருகும் என்று மாதக் கணக்கிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டுமென ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. அவ்வெச்சரிக்கையைப் படிப்போர் சிலரே.

2. ஒரு குடும்பத்தின் கணக்கு

கோலார் தங்கவயலில் முன்னாளில் சம்பள நாளன்று வட்டிக்காரர் வாயிலில் வந்து நிற்பதை நம் முதியோர் அறிவர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. அதன்பின் நம்மவர் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். இன்று வட்டிக்காரர் வாயிலில் நிற்பதில்லை. கைபேசியில் குறுஞ்செய்தியாக வருகின்றார். அவ்வளவே வேறுபாடு.

அத்தகைய பல குடும்பங்களின் நிலையைத் திரட்டி, ஒரே குடும்பமாக அமைத்து இங்கே காட்டுகின்றோம்.

கணவர் பெங்களூரில் பணிபுரிந்து மாதம் 34,000 ரூபாய் ஈட்டுகின்றார். மனைவி தையல் வேலையால் 8,000 ரூபாய் ஈட்டுகின்றார். மொத்த வரவு 42,000 ரூபாய். கடன்களாவன:

முதல் அட்டையில் 1,00,000 ரூபாய். மாத வட்டி மூன்றரை விழுக்காடு.
இரண்டாம் அட்டையில் 40,000 ரூபாய், அதே வட்டி.
ஊரில் கைமாற்றாக, ஐந்து வட்டிக்கு 20,000 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 60 விழுக்காடு.
பாங்கியில் தனிநபர் கடன் 1,80,000 ரூபாய். ஆண்டு வட்டி 16 விழுக்காடு. மாதத் தவணை 6,330 ரூபாய். இன்னும் 36 தவணை.

மொத்தம் 3,40,000 ரூபாய். இவற்றுக்கு மாதந்தோறும் 5,000, 2,000, 1,000, 6,330 என 14,330 ரூபாய் செலுத்திவந்தார். இத்தொகையில் ஏறக்குறைய 9,180 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே சென்றது. கடன் குறைந்தது 5,150 ரூபாய். அதிலும் மாதம் 2,000 ரூபாய்க்கு அட்டையில் மீண்டும் மளிகையும் துணியும் வாங்கியதால், அட்டைக் கடன் தீராததோடு மாதந்தோறும் வளர்ந்தே வந்தது.

தனிநபர் கடனை மட்டுமே மனைவி அறிவார். மற்ற மூன்றையும் அவர் அறியார். பாங்கியின் குறுஞ்செய்திகளைக் கணவர் இரயிலிலேயே படித்து, வீடு சேருமுன் அழித்துவிடுவார். மனைவியை ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. அடுத்த மாதம் சரியாகிவிடும், அதன்பின் சொல்லலாம் என்றே இரண்டாண்டு கழிந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென மனைவி சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கேட்க நேர்ந்த அன்றே உண்மை வெளிப்பட்டது. மனைவி சினந்தார், அழுதார். இறுதியில், “முன்பே சொல்லியிருந்தால் வளையலை அன்றே கொடுத்திருப்பேனே” என்றார்.

அன்பர்களே! இரண்டாண்டுக் காலம் ஐந்து வட்டிக்கு மட்டும் அவர் செலுத்தியது 24,000 ரூபாய். வாங்கிய கடனோ 20,000 ரூபாய். மறைத்தலே வட்டி என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

3. மீளும் படிகள்

முதற் படி: எழுதுதல். ஒரு தாளில் கடன் ஒவ்வொன்றின் நிலுவை, வட்டி, மாதத் தொகை, கெடு ஆகிய நான்கையும் எழுதுக. நினைவிலிருந்து எழுதாமல் கணக்குச் சீட்டைப் பார்த்தே எழுதுக. மறந்த கடனும், நம் பெயரில் பிறர் வாங்கிய கடனும் உளவோ என அறிய, கடன்தகவல் நிறுவனங்களின் அறிக்கையைப் பெறலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்னும் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்பது விதி.

இரண்டாம் படி: கூறுதல். அத்தாளை மனைவியும் கணவரும் ஒருங்கே இருந்து படித்தல் வேண்டும். வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டியவர் ஒருவர், காரணம் அறியாதவர் மற்றொருவர் என்றிருந்தால், எத்திட்டமும் ஒரு மாதம் தாங்காது.

மூன்றாம் படி: நிறுத்துதல். கடன் தீரும்வரை அட்டையால் ஒரு காசும் செலவிடலாகாது. நிலுவை உள்ளவரை வட்டியில்லாச் சலுகை இல்லையாதலின், அட்டையில் வாங்கும் அரிசிக்கும் அன்றே வட்டி உண்டு. கைபேசியில் பதிந்து வைத்துள்ள அட்டை எண்ணையும் நீக்கிவிடுக.

நான்காம் படி: வரிசைப்படுத்துதல். எல்லாக் கடனுக்கும் உரிய தவணையை மட்டும் செலுத்தி, மிகுதிப்பணம் முழுவதையும் அதிக வட்டியுள்ள ஒரே கடனுக்குச் செலுத்துக. அது தீர்ந்ததும் அதற்குச் சென்ற தொகை முழுவதையும் அடுத்ததற்குத் திருப்புக. மிகச் சிறிய கடனை முதலில் தீர்த்து ஊக்கம் பெறுவோரும் உளர். அதுவும் தவறன்று, ஆயினும் வட்டி சற்று மிகும்.

ஐந்தாம் படி: உயர்ந்த வட்டியைத் தாழ்ந்த வட்டியாக மாற்றுதல். நகை இருப்பின் பாங்கியில் அடகு வைத்து உயர்வட்டிக் கடனைத் தீர்க்கலாம். அல்லது அட்டை நிலுவையைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தருமாறு பாங்கியைக் கேட்கலாம். ஆனால் மூன்றாம் படியை முடிக்காதவர் இப்படியில் கால் வைத்தல் ஆகாது. அட்டையை நிறுத்தாமல் நகையை அடகு வைத்தவருக்கு ஓராண்டில் அட்டைக் கடனும் இருக்கும், அடகுக் கடனும் இருக்கும்.

மேற்கூறிய குடும்பம் செய்ததைக் காண்போம். மனைவியின் வளையல்களைப் பாங்கியில் வைத்து 60,000 ரூபாய் பெற்றனர். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு எனக் கொண்டால் மாதம் 500 ரூபாய். அத்தொகையால் ஐந்து வட்டிக் கடனும் இரண்டாம் அட்டையும் ஒரே நாளில் தீர்ந்தன. அவ்விரண்டுக்கும் மாதம் 2,650 ரூபாய் வட்டி சென்றுகொண்டிருந்தது என்பதை நினைவிற் கொள்க. மனைவி தையலில் 1,500 ரூபாய் மிகுதியாக ஈட்டினார். அட்டைச் செலவையும் சேர்த்து முன்பு 29,600 ரூபாயைத் தாண்டிய வீட்டுச் செலவை 26,000 ரூபாய்க்குள் அடக்கினர். எஞ்சிய சில நூறு ரூபாயை மருத்துவச் செலவு முதலிய அவசரத்துக்கென அஞ்சலகத்தில் இட்டனர்.

இவ்வாறு தனிநபர் கடனுக்கு 6,330 ரூபாயும், அடகு வட்டிக்கு 500 ரூபாயும், முதல் அட்டைக்கு 10,000 ரூபாயும் மாதந்தோறும் சென்றன. பதினான்காம் மாதம் அட்டைக் கடன் தீர்ந்தது. இடையில் ஆண்டுக் கெடு வந்தபோது அடகைப் புதுப்பித்தனர். கெடுவை மறந்தால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதைத் தாளிலேயே எழுதி வைத்திருந்தனர். பின்னர் அந்த 10,000 ரூபாயை அடகுக்குச் செலுத்த, இருபதாம் மாதம் வளையல்கள் வீடு திரும்பின. அதன்பின் முழுத்தொகையும் தனிநபர் கடனுக்குச் சென்றது. முன்கூட்டிச் செலுத்துவோர்க்குச் சில ஒப்பந்தங்களில் கட்டணம் உண்டு. அதைப் பார்த்துக் கணக்கிட்டே செலுத்தினர். 26-ஆம் மாத அளவில் கடன் யாவும் ஒழிந்தன.

பழைய வழியிலேயே சென்றிருந்தால் அந்த 26-ஆம் மாதத்தில், புதிதாக ஒன்றும் வாங்கியிராவிடினும், இரு அட்டைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 1,11,000 ரூபாயும், ஐந்து வட்டிக் கடன் 20,000 ரூபாயும், பத்துத் தவணையும் எஞ்சியிருக்கும். வரவு ஏறக்குறைய அதேதான். மாறியது கணக்கும் ஒளிவின்மையும்.

4. செலுத்த இயலாதோர் அறிய வேண்டியவை

வேலை இழந்தோர்க்கும் நோய்வாய்ப்பட்டோர்க்கும் மேற்கூறிய திட்டம் கைகூடாமற் போகலாம். அவர்கள் ஒளிதல் வேண்டா. பாங்கிக்குத் தம் நிலையை எழுத்தில் தெரிவித்துத் தவணையைக் குறைத்து நீட்டுமாறு கேட்க வேண்டும். ஒரு பகுதியைத் தள்ளி மிச்சத்தை ஒரே முறையில் வாங்கிக்கொள்ளப் பாங்கி இசைவதும் உண்டு. ஆயின் கடன்தகவல் அறிக்கையில் அது ‘முழுதும் தீர்ந்தது’ என்று பதியாமல், சமரசமாக முடிந்தது என்றே பதியும். பின்னாளில் வீட்டுக்கடன் பெறுவது அரிதாகும். இசைவை எழுத்தில் பெறாமல் ஒரு காசும் செலுத்தற்க. தீர்ந்தபின் நிலுவையின்மைச் சான்றை வாங்கி வைக்க. நிலுவை தீர்ந்த அட்டையை மூடுமாறு கேட்டால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்றும் 2022-ஆம் ஆண்டு விதி கூறுகின்றது.

கடன் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது. அச்சுறுத்தலும், உற்றார் முன் இழிவுபடுத்தலும் ஆகா என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. மீறினால் முதலில் பாங்கிக்கே முறையிடுக. 30 நாளில் தக்க விடை வராவிடின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஊர் வட்டிக்காரரின் கொடுமைக்கும் சட்டம் உண்டு. மிகைவட்டியைத் தடுக்கும் சட்டங்கள் தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டிலும் கர்நாடகத்தில் 2004-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. சிறுகடன் பெற்றோரைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கக் கர்நாடகம் 2025-இல் தனிச் சட்டமும் செய்தது.

‘கடனுக்காகச் சிறைக்குப் போவாய்’ என்று அச்சுறுத்துவோர் பலர். மெய்யாகவே செலுத்த வழியற்றவரை, வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு சிறையிடுதல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே தீர்ப்பளித்துள்ளது. ஆனால் பணமின்றிக் காசோலை கொடுத்துத் திரும்பினாலும், கணக்கினின்று தானே எடுக்கும் தவணை பணமின்றித் திரும்பினாலும், குற்ற வழக்குத் தொடரச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே நீதிமன்ற அழைப்பாணை எதையும் வாங்காமல் திருப்பற்க. வசதியற்றோர் சட்டப்பணி ஆணைக்குழுவின் இலவச உதவியை நாடலாம்.

கைபேசிச் செயலி வழியே நொடியில் கடன் தருவோரிடம் மிகுந்த விழிப்பு வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனம் கடன் விவரச் சீட்டைத் தர வேண்டும். பணத்தை நம் பாங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும். நம் தொலைபேசி எண் பட்டியலையும் படங்களையும் எடுத்தல் ஆகாது. இவற்றை மீறும் செயலி திருடனுக்கு ஒப்பு. ஒரு கடனை அடைக்க அதனினும் மிகுந்த வட்டிக்குக் கடன் வாங்குவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போலும்.

ஈண்டு ஒன்றை அழுத்திக் கூறல் வேண்டும். கடனுக்கு அஞ்சி உயிரை விடத் துணிந்தோரை நாம் கேள்வியுற்றிருக்கின்றோம். எத்துணைப் பெருங்கடனும் தாளில் எழுதக்கூடிய ஓர் எண்ணே. ஓர் உயிருக்கு அது விலையாகாது. அவ்வெண்ணம் தோன்றினால் உடனே ஒருவரிடம் வாய்விட்டுக் கூறுக. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

5. முடிவுரை

வரவறிந்து, அதற்குள் செலவை அடக்கி, மிகையும் குறையுமின்றி ஒத்து வாழ்தலைத் தராசு பிடிப்போனின் செயலுக்குப் பகவான் ஒப்பிட்டார். தராசு பிடிப்போன் முள்ளைப் பார்க்கின்றான். பாராதவன் எடை அறியான். கடன்பட்டவனும் தன் கணக்கைப் பார்த்தல் வேண்டும். பார்த்ததை இல்லத்தாரிடம் மறையாமல் கூறுதல் வேண்டும். அவ்விரண்டும் நிகழ்ந்த நாளே கடன் குறையத் தொடங்கிய நாள்.

நம்மில் ஒருவர் கடன்பட்டார் எனக் கேட்டால் இகழற்க. இகழ்ச்சிக்கு அஞ்சியே மனிதர் மறைக்கின்றனர். கணக்கு எழுதத் தெரிந்த இளைஞர், தெரியாத அன்பரின் பக்கத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் எழுதிக் கொடுப்பது சிறந்த தானமாகும்.

ஞாயிறு வகுப்பில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துவோர்க்குக் கடன் விரைவில் தீராமை ஏன்? கணக்கிட்டுக் காட்டுக.
2. அட்டையை நிறுத்தாமல் நகையை அடகு வைத்தலால் விளையும் தீங்கு யாது?
3. மேற்கூறிய குடும்பத்தில் நகை இல்லையெனின், எக்கடனை முதலில் தீர்த்தல் தகும்? ஏன்?
4. என் இல்லத்தார் அறியாத கடன் ஏதேனும் எனக்கு உண்டா? இவ்வினாவுக்குரிய விடையை வகுப்பில் கூற வேண்டா. இன்றிரவு வீட்டில் கூறுக.